கானாங்கெளுத்திக்கு எத்தனை கட்டம்?

சாலையோர மீன் கடை ஒன்றுக்கு நான் செய்த விலைப் பலகை ஏறி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் கீழே விழவில்லை, எழுத்து உரியவில்லை, அக்காவும் திட்டவில்லை. அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் வழியில், மதுரை–ராமேசுவரம் நெடுஞ்சாலை ஓரமாக ஓர் அக்கா மீன் கடை வைத்திருக்கிறார். ஓலைக் கொட்டகை, ஒரு நீள மேசை, ஐஸ் பெட்டிகள், தராசு, அவ்வளவுதான். சனி ஞாயிறில் மதுரைப் பக்கமிருந்து வருகிற கார்கள் திரும்பிப் போகும்போது நிறுத்தி வாங்குவார்கள். வருகிறவர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "இது என்ன மீன்?", இரண்டாவது "கிலோ எவ்வளவு?" இந்த இரண்டுக்கும் நாள் முழுக்கப் பதில் சொல்லித் தொண்டை வறண்டு போச்சு, ஒரு போர்டு அடித்துக் கொடு தம்பி என்றார். நான் டிடிபி வேலை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், பில் புத்தகம் இதெல்லாம்தான் சோறு போடுகிறது. 16 மீனும் விலையும் உள்ள ஒரு பலகை என்றால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

பலகையின் அளவை முடிவு செய்ததில் நான் செய்தது எதுவுமில்லை. கடையில் ஏசிபி ஷீட் (நடுவே பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியம்) வருவதே எட்டடிக்கு நாலடி, அதை வெட்டினால் மீதி வீண். ஆக 96 அங்குலம் அகலம், 48 அங்குலம் உயரம். இரும்புத் தகடு வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம்.

முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வீடியோ பார்த்துப் பார்த்து 'கிரிட்' (எழுத்தை வரிசையாக நிறுத்தப் போடும் கட்டக்கோடுகள்) என்றால் 12 பத்தி (நெடுவரிசை), அழகான விகிதம் என்றால் 1.618 என்று மண்டையில் ஏறியிருந்தது. 96-ஐ 12 ஆகப் பிரித்தால் பத்திக்கு 8 அங்குலம், முழு எண், ஆஹா என்று இருந்தது. உயரத்தைப் பொன் விகிதத்தில் வெட்டினேன். மேலே கடைப் பெயருக்கு 18.3 அங்குலம், கீழே பட்டியலுக்கு 29.7. பட்டியலை மூன்று தொகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் மீன் பெயருக்கு மூன்று பத்தி, விலைக்கு ஒரு பத்தி. கீழே முகவரிப் பட்டை, மேலே 'மீன் – விலை' என்ற சின்னத் தலைப்பு இரண்டும் போக, மீதி 21 அங்குலத்துக்குள் ஆறு வரி. வரிக்கு 3½ அங்குலம். திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது, ஏனென்றால் நான் மாதிரிக்கு எல்லாக் கட்டத்திலும் 'பாறை', 'பாறை' என்று நிரப்பி வைத்திருந்தேன்.

அப்புறம் உண்மையான பெயர்களைப் போட்டேன். அங்கேதான் கானாங்கெளுத்தி வந்தது.

இந்தப் பெயரை எண்ணிப் பாருங்கள். கா, னா, ங், கெ, ளு, த், தி. இலக்கணப்படி ஏழு எழுத்து. ஆனால் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போவது க, கால், ன, கால், ங், கொம்பு, க, ளு, த், தி என்று பத்து உருவங்கள். அதில் ன-வும் ளு-வும் கால் நீட்டிப் படுப்பவை. அதே பலகையில் ஓரா என்று ஒரு மீன், மூன்றே உருவம். எழுத்தின் உடல் (மேலே புள்ளி, கீழே வால் நீங்கலான உயரம்) 2 அங்குலம் இருக்கட்டும் என்று வைத்தால் கானாங்கெளுத்தி மட்டும் 25½ அங்குலம் ஓடியது. என் மூன்று பத்தியோ 24, அதில் ஓரத்து இடைவெளி வேறு போக வேண்டும். தெற்கே கும்ளா என்கிறார்கள், இன்னும் தெற்கே அயிலை என்கிறார்கள், அப்படி எழுதினால் பிரச்சினையே இல்லை. ஆனால் மதுரைக்காரருக்கு கானாங்கெளுத்தி என்றால்தான் தெரியும் என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சரி, அந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் அமுக்கிவிடலாம் என்று அகலத்தை 88 சதவீதத்துக்குக் குறைத்தேன். இதை எல்லோரும் செய்கிறோம், நான் பத்து வருடமாகச் செய்கிறேன். ஆனால் 16 பெயரும் ஒரே பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும்போது, ஒன்றை மட்டும் அமுக்கினால் அது பசி கிடந்தவன் மாதிரி தனியாகத் தெரிகிறது. ங்-இன் உள்வளைவு அடைத்துக்கொண்டது. ளு என்னவென்றே புரியவில்லை.

இரண்டாவது இடி உயரத்தில். போனில் அக்கா சொல்லச் சொல்ல எழுதிய வரிசையில் நகரைக்குக் கீழே கானாங்கெளுத்தி. நகரையில் இருக்கும் ர-வுக்குக் கீழே இறங்கும் ஒரு கால் உண்டு. கானாங்கெளுத்தியில் ங்-க்கு மேலே புள்ளி. 3½ அங்குல வரியில் அந்தக் கால் போய் இந்தப் புள்ளியின் தலையில் உட்கார்ந்துகொண்டது. இங்கிலீஷில் பலகை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் மேலும் கீழும் எதுவும் நீட்டாது, செங்கல் அடுக்கிய மாதிரி வரி நிற்கும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. மேலே புள்ளியும் தி, லி கொக்கியும், கீழே ர, ற, ழ காலும், கு, து, பு வாலும் எப்போதும் கூடவே வரும்.

இந்த நிலையில் படத்தைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் அண்ணனிடம் போனேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கடைப் பலகைகளில் பாதி அவர் கை. இப்போது படகுக்குப் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டிருக்கிறார். படத்தைப் பார்த்தார், என் அளவுக் குறிப்பைப் பார்த்தார், 29.7 என்பதில் விரலை வைத்தார்.

"இது டேப்புல எங்கிட்டு இருக்கு தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. 29 அங்குலமும் அதற்கு மேல் முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவும் என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார். அவர் எப்படிச் செய்வார் என்று கேட்டேன். பேச்சில்லாமல் ஒரு பலகைத் துண்டை எடுத்து, அதில் 'கு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு 'கி' எழுதி, கி-யின் தலையிலிருந்து கு-வின் வால் வரை ஒரு குச்சியை வைத்து உடைத்தார். "இதான் அளவுகோல். இந்தக் குச்சி எத்தனை தடவை போகுதுன்னு சுவத்துல வச்சுப் பாப்பேன். அம்புட்டுத்தான்." வலை முடிகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு சின்னக் கட்டையில் நூலைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுவதால் கண்ணி எல்லாம் ஒரே அளவில் வரும். அந்தக் கட்டையின் அகலத்தை முடிவு செய்வது பிடிக்கப் போகிற மீன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். இந்தக் கட்டமுறைக்குப் பெரிய பெயர் வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் யோசெஃப் முல்லர்-புரோக்மன். 1950களில் சூரிச்சின் இசை அரங்குக்கு அவர் செய்த சுவரொட்டிகளை இன்றைக்கும் டிசைன் வகுப்புகளில் காட்டுகிறார்கள். அவர் முறையில் முதலில் வருவது எழுத்தின் அளவும் வரி உயரமும்தான். கட்டத்தின் உயரம் முழு வரிகளாக இருக்க வேண்டும், இரண்டு கட்டத்துக்கு நடுவே விடும் இடம் ஒரு வெற்று வரி. ஆக, பெயிண்டர் அண்ணன் குச்சியை உடைத்ததும் சூரிச்சில் நடந்ததும் ஒன்றுதான். 12 பத்தி என்பது இணையத் திரைக்காகப் பரவிய பழக்கம். 12-ஐ இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுக்கலாம், அந்த வசதிக்காக வந்தது. அதில் தவறில்லை. நான்தான் எழுத்தைப் பார்க்காமல் சட்டியை வாங்கிவிட்டு அதற்கேற்ற மீனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முயற்சியைக் கணினியில் தொடங்கவில்லை. அக்கா மகன் கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்து வந்தேன் (கேட்டுத்தான் கிழித்தேன்). 

முதலில் வரி. மேசைக்கு முன்னால் நிற்பவர் படிக்க வேண்டும், காரை ஓரங்கட்டி இறங்கும்போதே ஓரளவு தெரியவும் வேண்டும். பலகை எழுதும் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 20 அடி என்று வைத்தால் எழுத்தின் உடல் 2 அங்குலம். உடல் என்று நான் சொல்வது க, ப, ம மாதிரி மேலும் கீழும் நீட்டாத எழுத்தின் உயரம். அதற்கு மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும் 1 அங்குலம், கீழே காலுக்கும் வாலுக்கும் 1 அங்குலம். கால் பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு. மொத்தம் 4 அங்குலம் ஒரு வரி. உண்மையில் புள்ளியும் வாலும் அந்த 1 அங்குலத்தை முழுக்கத் தின்னாது, முக்கால் பங்குதான் எடுக்கும். மீதிதான் இரண்டு வரிக்கு நடுவே மூச்சு விடும் இடம்.

4 அங்குலம் என்று வந்ததும் பலகை தானாகத் திறந்தது. 96-இல் 24 தடவை, 48-இல் 12 தடவை. நோட்டுத் தாளில் 24-க்கு 12 கட்டம் எண்ணிப் பென்சிலால் கோடு போட்டேன். சுற்றிலும் ஒரு கட்டம் ஓரம் விட்டால் உள்ளே 22-க்கு 10. கடைப் பெயருக்கு மேலே இரண்டு கட்டம், மீதி எட்டுக் கட்டத்தில் எட்டு வரி. 16 மீன், ஆகவே இரண்டு தொகுதி. 22 கட்டத்தில் நடுவே 2 கட்டம் சந்து விட்டால் ஆளுக்கு 10. அந்தப் பத்தில் பெயருக்கு 7, விலைக்கு 3. ஏழு கட்டம் என்றால் 28 அங்குலம். கானாங்கெளுத்தி 25½. உள்ளே போய் இரண்டரை அங்குலம் மிச்சம்! அந்த நிமிடம் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

தலைப்புக்கும் அதே கால், அரை, கால் கணக்கு. இரண்டு கட்டம் 8 அங்குலம், அதில் உடல் 4 அங்குலம், 40 அடியிலிருந்து தெரியும், ரோட்டுக்குச் சரியாக இருக்கும். பட்டியல் எழுத்துக்குத் தலைப்பு எழுத்து சரியாக இரண்டு மடங்கு. நான் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை, கட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் அதுவாக விழுந்தது.

விகிதம் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. நாம் தினமும் கையாளும் ஏ4 தாளின் விகிதம் 1-க்கு 1.414, அதாவது 2-இன் வர்க்கமூலம். நடுவில் மடித்தால் வரும் ஏ5-க்கும் அதே விகிதம், இரண்டை ஒட்டினால் வரும் ஏ3-க்கும் அதே. 1922-இல் ஜெர்மனியில் தரமாக்கி, பிறகு உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. ஜெராக்ஸ் எந்திரத்தில் ஏ3-ஐ ஏ4 ஆக்க 71 சதவீதம் என்று வருவது இதனால்தான். நம் எட்டுக்கு நாலு ஷீட் அப்படியில்லை. பாதியாக வெட்டினால் நாலுக்கு நாலு சதுரம், அதையும் வெட்டினால் மறுபடி இரண்டுக்கு ஒன்று. மாறி மாறி வரும். ஏ4 தாளில் போட்டு வைத்த டிசைனை அப்படியே இழுத்து எட்டுக்கு நாலில் பரப்பும்போது கேவலமாகத் தெரிவதற்குக் காரணமும் இதுவே. பக்கவாட்டில் இழுபட்ட எழுத்தோடு நம் ஊரில் எத்தனை ஃபிளெக்ஸ் தொங்குகிறது!

அக்காவிடம் தாளைக் காட்டிக் கட்டம், சந்து என்று விளக்கினேன். "புள்ளி வச்சுட்டு அப்பறமா இழுக்குறது, அதான?" என்றார். ஆமாம் அக்கா, நேர்ப்புள்ளிக் கோலம். ஊடுபுள்ளி வேண்டாம். முடிந்தது விளக்கம்.

ஆனால் வரிசையைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் அகர வரிசையில் மாற்றி வைத்திருந்தேன், அதுதான் நியாயம் என்று. "எவன் தம்பி மீனை அகராதியில தேடுறான்?" என்று கேட்டுவிட்டு மேசையைக் காட்டினார். மேசையில் இடப்பக்கம் எட்டுத் தட்டு, வலப்பக்கம் எட்டுத் தட்டு, நடுவே தராசு. இடப்பக்கம் நெத்திலி, சாளை, சூடை, காரல், நகரை, கானாங்கெளுத்தி, முரல், மடவை. வலப்பக்கம் பாறை, விளமீன், சங்கரா, ஓரா, திருக்கை, கணவாய், நண்டு, இறால். என் பலகையிலும் இரண்டு தொகுதி, எட்டு எட்டு, நடுவே சந்து. அவர் மேசையை அப்படியே பலகையில் ஏற்றினால் வருகிறவர் மேலே பார்த்து, கீழே பார்த்து, "இது என்ன மீன்" என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார். இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அந்த மேசைக்கு முன்னால் நான் பத்துத் தடவையாவது நின்றிருப்பேன்.

சண்டை வந்தது தலைப்பில். அக்காவுக்குப் பெரிய மீன் படம் வேண்டும், போன் நம்பர் பெரிதாக வேண்டும், மேலே சாமி பெயர் வேண்டும், மகன் போட்டோ ஓர் ஓரத்தில் வேண்டும். எல்லாவற்றையும் துருத்திக்கொண்டு நிற்க விட்டால் எதுவும் நிற்காது என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அப்புறம் பாம்பன் பாலத்தைக் காட்டினேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 99 கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள பகுதிகள்), ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். எல்லாம் ஒரே அளவு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் 72.5 மீட்டர், கப்பல் போக மேலே தூக்குகிற கண். பாலத்தைப் பார்க்கிற எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும், மற்றதெல்லாம் வரிசை மாறாமல் நிற்பதால். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 72.5 கிட்டத்தட்ட நாலு கண் அளவு. அக்கா கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப மீனை மட்டும் தூக்கிவிடு" என்றார். ஒரு பாறை மீனை வெட்டி உருவமாக்கி, நாலு கட்டம் நீளம், வலது மேல் மூலையில் பலகையைத் தாண்டி ஒரு கட்டம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். சாமி பெயர் ஓரக் கட்டத்துக்குள் சின்னதாக. மகன் போட்டோ போயே போச்சு, அவனுக்கும் நிம்மதி.

போன் நம்பரில் நான் தோற்றேன். கீழ் ஓரத்துக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "இம்புட்டு எடம் சும்மா கிடக்கே" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 1½ அங்குல எண்ணில் அங்கே ஏறியது. இப்போது பாதி வியாபாரம் மதுரையிலிருந்து வரும் போனில்தான் நடக்கிறதாம். எனக்கு இன்னும் அந்த ஓரம் உறுத்துகிறது.

இனி கைவேலை. டிசைனை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் போட்டேன். 4 அங்குலக் கட்டம் அமைத்து, உள்ளே 1 அங்குல உட்கோடு. எழுத்துரு தேடியதில் கேட்டமரன் என்று ஒன்று உண்டு, நம் கட்டுமரத்தின் பெயர், கடல்காரன் கடைக்குப் பொருத்தம் என்று ஆசைப்பட்டுப் போட்டுப் பார்த்தேன். ஆனால் முக்தா மலர் கொஞ்சம் தூரத்திலிருந்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அதையே எடுத்தேன். இரண்டும் இலவசம்தான். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பதால் மிகத் தடித்ததை எடுக்காமல் ஒரு படி மெலிந்ததை எடுத்தேன். இருட்டில் வெள்ளை தடித்துத் தெரியும்.

கோட்டில் எல்லாவற்றையும் சரியாக ஒட்டவைத்தும் சில பெயர்கள் உள்ளே தள்ளி நிற்பது மாதிரி தெரிந்தது. பாறை, மடவை எல்லாம் நேர்க்கோட்டில் தொடங்குபவை, சுவரில் சாய்ந்த மாதிரி நிற்கும். நெத்திலி கொம்பில் தொடங்குகிறது, ஓரா வளைவில் தொடங்குகிறது. வளைவு கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, அதனால் கண்ணுக்கு ஒதுங்கினது போல இருக்கும். அந்த இரண்டையும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடப்பக்கம் தள்ளினேன், கட்டத்துக்கு வெளியே. அளந்தால் தப்பு, பார்த்தால் சரி.

ஸ்டிக்கர் வெட்டும் கடையில் இரண்டு தடவை காசு போனது. முதல் தடவை எழுத்தை எழுத்தாகவே விட்டு அனுப்பிவிட்டேன். அங்கே இருந்த கணினி பாமினி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு) காலத்தது, யூனிகோடு தமிழைப் பார்த்ததும் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் போட்டுவிட்டது. 'நெத்திலி' 'நெ' ஆகாமல் ந தனி, கொம்பு தனி. தப்பு என்னுடையது, அனுப்பும் முன் எல்லாவற்றையும் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றியிருக்க வேண்டும். மாற்றி அனுப்பினேன். இப்போது எழுத்து சரி, அளவு பிசகு. 4 அங்குலத்துக்கு 5⅓ வந்து நிற்கிறது. என் மென்பொருள் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று எழுதுகிறது, அவர்களுடையது 72 என்று படித்திருக்கிறது. 96-ஐ 72-ஆல் வகுத்தால் 1.33, அப்படியே. அதிலிருந்து எந்தக் கோப்பை அனுப்பினாலும் மூலையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து, வெட்டுவதற்கு முன் இதை டேப் வைத்து அளந்து பாருங்கள் என்று எழுதிவிடுகிறேன். யாருக்காவது உதவும் என்றால் இந்தப் பதிவில் இது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்குப் பெயிண்டர் அண்ணனையே கூப்பிட்டேன். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி இரண்டு முனையிலும் பிடித்து ஒரு தட்டு, நீல ஷீட்டில் வெள்ளைக் கோடு விழுகிறது. 24-க்கு 12 கட்டமும் அரை மணி நேரத்தில் ஷீட் மேல் வந்துவிட்டது. 4, 8, 12 என்று டேப்பிலேயே எண் இருப்பதால் எங்கும் தயங்கவில்லை. "இப்பத்தான் படிக்கிற மாதிரி அளவு குடுத்திருக்க" என்றார்.

விலைக்கு முதலில் கறுப்புப் பட்டை அடித்துச் சாக்பீஸால் எழுதலாம் என்று வைத்தோம். இரண்டு நாளில் தெரிந்தது, மீன் கடையில் ஈரமில்லாத கை கிடையாது. எழுதின கையே அழித்தது. பிறகு ஷீட் வெட்டி மிஞ்சிய துண்டுகளில் எண் ஒட்டிக் கொக்கியில் தொங்கவிட்டோம். ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு எல்லாம் தபதபவென்று அடித்துக்கொண்டு, சில துண்டு திரும்பி நின்றது. மூன்றாவதாக மேலும் கீழும் அலுமினிய யூ சேனல் வைத்து, எண் துண்டுகளைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகுவது. இது நின்றது. விலைக்கு மூன்று கட்டம், 12 அங்குலம். நாலு இலக்கம் வேண்டும், ஆக ஒரு துண்டு 3 அங்குலம். கிலோ விலையில் கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம்தான் என்று அக்கா சொன்னதால் அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டோம். மாற்றுவது மூன்று துண்டு மட்டும்.

ஒவ்வோர் எண்ணிலும் ஆறு துண்டு, மொத்தம் 60 செய்தேன். முதல் ஞாயிறே 5 தீர்ந்துபோச்சு. 150, 250, 350, 450 என்று எல்லாவற்றுக்கும் 5 வேண்டும், கணக்கு வாத்தியார் மாதிரி சமமாகப் பிரித்தது என் முட்டாள்தனம். 6-ஐத் தலைகீழாக வைத்தால் 9, அது மட்டும் தாராளமாகக் கிடந்தது. பிறகு 5 மட்டும் பத்துக்கு மேல் வெட்டிக் கொடுத்தேன்.

மாட்டும்போதும் ஒரு கூத்து. ஃபிட்டர் தம்பி தன் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டதில் ஒரு ஸ்க்ரூ விளமீனின் 'ள' வட்டத்துக்கு நடுவில் இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் ள-வுக்குக் கண் முளைத்த மாதிரி. அந்த எழுத்தை மட்டும் பிறகு புதிதாக வெட்டி ஒட்டினேன். மீதி ஓட்டைகளை ஓரக் கட்டத்திலும் நடுச் சந்திலும் மட்டும், 24 அங்குலத்துக்கு ஒன்றாக மார்க்கரில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். நடுச் சந்துக்குப் பின்னால் தாங்கும் பைப் வருவதற்கும் அந்த 2 கட்டம் உதவியது. ஸ்டீல் ஸ்க்ரூவும் அலுமினியமும் நேராகத் தொட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துக்கொண்டு போகும், அதனால் எல்லாவற்றுக்கும் நைலான் வாஷர்.

மீன் வராத நாளுக்கு 'இல்லை' என்று எழுதிய 12 அங்குலத் துண்டும் செய்து வைத்திருந்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது நாட்டுப்படகு மீன்தான், பாதி வரி காலியாகத்தான் இருக்கும். அதை யோசித்துச் செய்ததற்குப் பாராட்டு வரும் என்று நினைத்தேன். அக்கா அதைக் கையால் தொடவே இல்லை. "கடையில இல்லைங்குற சொல்லை எழுதி மாட்டுவாகளா தம்பி?" நியாயம்தான். எழுத்தில்லாத வெறும் நீலத் துண்டுகளாகச் செய்து கொடுத்தேன். செருகினால் விலைக் கட்டம் பின்னணியோடு கலந்துவிடும், பெயர் மட்டும் நிற்கும். எட்டு வரியில் நாலு வரி அப்படிக் கிடந்தாலும் பலகை பல் போன வாய் மாதிரித் தெரியவில்லை, வரி அதன் இடத்திலேயே இருப்பதால்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பலகைக்குக் கீழே நைலான் கயிற்றில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு தொங்குகிறது, 'கருவாடு உண்டு' என்று. கருவாட்டுக்கு 17-ஆவது கட்டம் இல்லையே என்று அக்காவே கட்டிக்கொண்டது. எந்தக் கோட்டோடும் சேராமல், கொஞ்சம் சாய்ந்து. நான் நின்ற கால் மணி நேரத்தில் வந்த மூன்று காரிலும் இறங்கினவர்கள் முதலில் கேட்டது கருவாடுதான். அடுத்த தடவை போகும்போது அதைக் குறைந்தபட்சம் 4 அங்குலம் இடப்பக்கம் நகர்த்தி, சந்துக்கு நேராகக் கட்டச் சொல்ல வேண்டும்.